நல்ல நிலை என்றால் என்ன நிலை?

2024 ஜூன் 9

பம்பாய் முலுண்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமனார் சேர்த்து வைத்த தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. வீடு மாறுகிறோம், கொஞ்சத்தை விற்றாக வேண்டும். விலை பேசுகிறவர்கள் எல்லோரும் கண்டிஷன் என்ன என்கிறார்கள். நான் 'நல்ல நிலை' என்று எழுதினேன். போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்த ஒருவர் கோபித்துக்கொண்டார். நல்ல நிலை என்றால் என்னதான் அர்த்தம்?"

ஒரு அர்த்தமும் இல்லை, அதுதான் தொல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய நாவலை 1,400 ரூபாய் கொடுத்துத் தபாலில் வாங்கினேன். விற்றவர் எழுதியிருந்தது அதே இரண்டு சொல்தான். வந்த புத்தகத்தில் கடைசி 16 பக்கம் இல்லை. போன் செய்து கேட்டேன். "அட்டை நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவருக்குப் புத்தகம் என்றால் அட்டை, எனக்குப் புத்தகம் என்றால் கடைசிப் பக்கம். அந்த இரண்டு சொல்லுக்குள் நாங்கள் இருவருமே அடங்கிவிட்டோம்.

அதனால் அந்தச் சொல்லையே விடுங்கள். என்ன பழுது, எந்த இடத்தில், எவ்வளவு. இந்த மூன்றையும் சொன்னால் போதும். "முதுகின் கீழ்முனை ஒரு விரற்கடை பிய்ந்திருக்கிறது" என்று எழுதினால் வாங்குகிறவர் கண்ணை மூடினாலும் அந்த இடம் தெரியும்.

2024 ஜூன் 9, இரவு

காலையில் ஒன்று விட்டுப்போனது. ஆங்கிலப் புத்தக வியாபாரத்தில் இதற்கு ஒரு ஏணி இருக்கிறது. 1949-ல் அமெரிக்காவின் ஆன்டிகுவேரியன் புக்மேன் என்ற வணிக இதழ் படிகளுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தது. ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று இறங்கும். இதில் "குட்" நடுவில்தான் நிற்கிறது. எல்லாப் பக்கமும் இருக்கிறது, ஆனால் கைபட்டுத் தேய்ந்த சாதாரணப் பிரதி என்று பொருள். நம் ஆட்கள் அந்தக் குட்டை எடுத்து "நல்ல நிலை" என்று தமிழாக்கிவிட்டார்கள். படிக்கிறவர் அதை நிஜமாகவே நல்லது என்று எடுத்துக்கொள்கிறார். உங்கள் மேல் கோபித்தவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும் ஃப்ளோரா ஃபவுன்டன் பக்கமும் ஏறி இறங்கிய நாட்களில் எனக்கும் அந்த ஏணி மேல் மயக்கம் இருந்தது. என் நோட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மார்க் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் புரட்டியபோது, "குட்" என்று எழுதிய புத்தகத்துக்கு என்ன குறை என்பது எனக்கே நினைவில்லை. மார்க் போடுவதை அன்றோடு விட்டேன்.

2024 ஜூன் 11

வாசகி தன் பெட்டியில் இருப்பதில் பாதி "செல்லரித்தது" என்று எழுதியிருந்தார், நானும் பதிலில் அதே சொல்லைப் போட்டுவிட்டேன். தப்பு. செல் என்றால் கறையான். கறையான் ஏறிய புத்தகத்தில் மண் இருக்கும், ஒரு மூலையிலிருந்து கிண்ணம் கிண்ணமாகக் குடைந்து போயிருக்கும், பெரும்பாலும் அந்தப் பிரதி தேறாது. அவர் அனுப்பிய படத்தில் இருப்பது வேறு. அட்டையின் மேல்தோல் மட்டும் சுரண்டியது போல வழுவழுப்புப் போயிருக்கிறது, ஓட்டை கிடையாது. அது வெள்ளிப்பூச்சியின் வேலை. பசையும் மாவும்தான் அதற்குத் தீனி, மேலாகவே மேய்ந்துவிட்டுப் போகும்.

மூன்றாவது ஒன்று உண்டு, தாளுக்குள் நேராகத் துளை போடுவது. சின்ன வண்டின் புழு. அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் இராமபாணம். ஏழு மராமரத்தையும் ஒரே அம்பு துளைத்தது போல முதல் தாளில் நுழைந்து நாற்பதாம் தாளில் வெளியே வரும். அரித்தது, சுரண்டியது, துளைத்தது என்று மூன்று வினைச்சொல் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் "பூச்சி" என்று முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. துளை என்றால் எழுத்தின் மேல் போகிறதா, ஓரத்தோடு போகிறதா, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று சொல்ல வேண்டும். தட்டினால் மாவு போலத் தூள் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதுத் தூள் என்றால் புழு இன்னும் உள்ளேயே இருக்கிறது, அந்தப் புத்தகத்தை மற்றதோடு சேர்த்து அடுக்கக்கூடாது.

2024 ஜூன் 15

இன்று தாராவியில் எனக்குத் தெரிந்த பைண்டரிடம் போயிருந்தேன். எழுபது வயது, திருநெல்வேலிக்காரர், அறுபதடி ரோட்டுக்குள்ளே ஒரு சந்தில் கட்டிங் மிஷினும் தையல் சட்டமுமாக உட்கார்ந்திருக்கிறார். நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் நூறு சொல் இருக்கிறது, தமிழில் இல்லை என்று நான் அடிக்கடி அலுத்துக்கொள்வேன். இன்று அந்த அலுப்பு தீர்ந்தது. புத்தகங்களைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

கையில் வாங்கியதும் அவர் திறக்கவில்லை. மேல்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முதுகைப் பார்த்தார். "கோணிருச்சு" என்றார். ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்துப் படித்ததில் முன்னட்டையும் பின்னட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பிறகு முன்னட்டையைத் திறந்து, அட்டையும் தாளும் சேரும் பள்ளத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். துணி நூல் தெரிந்தது. "பிடி விட்டுருச்சு, ஆனா தையல் நிக்குது." இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தகவல் இருக்கிறது, இரண்டும் வாங்குகிறவருக்கு வேண்டும். பிடி விட்டதை ஒரு துண்டுத் துணியும் பசையும் வைத்துச் சரி செய்யலாம். தையல் போயிருந்தால் முழுப் புத்தகத்தையும் பிரிக்க வேண்டும், பிரித்தால் செலவும் ஆகும், பழைய தன்மையும் போகும்.

தாளில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்த ஒரு பிரதியைக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஃபாக்சிங் என்பது. அவர் யோசிக்கவே இல்லை, "தேமல்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோலில் வரும் தேமலும் பூஞ்சைதான், தாளில் வருவதற்கும் பூஞ்சை ஒரு காரணம், தாளுக்குள் இருக்கும் இரும்புத் துகள் துருப்பிடிப்பது இன்னொரு காரணம். பார்வைக்கும் அப்படியே, திட்டுத்திட்டாக, நடுவில் அழுத்தமாக, ஓரத்தில் கரைந்து. இனிமேல் தேமல் என்றுதான் எழுதப்போகிறேன்.

பைண்டரிடமிருந்து எடுத்துக்கொண்ட மற்ற சொற்கள்: மூலை மழுங்கியது, மூலை நசுங்கியது (இரண்டும் ஒன்றல்ல, முதலாவது கைபட்டுத் தேய்ந்தது, இரண்டாவது கீழே விழுந்தது). வெயிலில் நின்ற முதுகு வெளிறியது. தாள் பழுப்பேறியது என்பது நிறம் மட்டும். ஒடிகிறது என்றால் அப்பளம். பழுப்பேறிய தாள் இன்னும் ஐம்பது வருஷம் படிக்கும்படி இருக்கலாம், ஒடிகிற தாள் அடுத்த முறை புரட்டும்போதே போய்விடும். எனவே பழுப்பு என்று மட்டும் எழுதி ஒடிவதை மறைப்பதைத்தான் நான் மோசமான ஏமாற்றாக நினைக்கிறேன். பழையது எல்லாமே ஒடியும் என்பதும் இல்லை. கந்தல் துணிக் கூழில் செய்த தாள் நின்று பேசும், மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம்தான் அதைத் தானே தின்றுவிடும். மலிவு விலை மாத நாவல்கள் தாத்தா காலத்துப் புராணப் பதிப்புகளைவிடச் சீக்கிரம் பொடியாவதற்குக் காரணம் இதுதான்.

ஒடிகிறதா என்று பார்க்க மூலையை மடித்து மடித்துச் சோதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். விரல் நுனியால் ஓரத்தை லேசாகத் தூக்கிவிட்டால் போதும், வளைந்து மெதுவாக இறங்குகிறதா, விறைத்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

2024 ஜூன் 16

பக்கம் குறைகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று வாசகி கேட்டிருந்தார், பக்க எண்ணைத் தொடர்ந்து புரட்டினால் போதுமே என்று. போதாது. எண் இல்லாத முன்பக்கங்கள், தனித்தாளாக ஒட்டிய படங்கள், கடைசியில் வரும் பிழைதிருத்தம், இவை எண்ணிக்கையில் வராது. அச்சுக்கோத்த காலத்துப் புத்தகங்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பாரத்தின் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் தொகுதி) முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் பாரத்தின் எண் இருக்கும், பக்கத்திலேயே புத்தகப் பெயரின் முதலெழுத்தும் சில சமயம் இருக்கும். 16 பக்கப் பாரம் என்றால் 17, 33, 49 என்று அதைத் தேடிக்கொண்டே போகலாம். எந்தப் பாரம் விழுந்தது, எது தலைகீழாகத் தைக்கப்பட்டது எல்லாம் அதில் பிடிபடும். அந்த 1,400 ரூபாய் நாவலில் விழுந்ததும் சரியாக ஒரு பாரம்தான்.

2024 ஜூன் 23

செல்லோடேப். சுருக்கமாகச் சொல்கிறேன்: கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், டேப் காய்ந்து உதிர்ந்த பிறகும் கறை போகாது. "டேப் ஒட்டியது, 3 இடம், ஒன்று எழுத்தின் மேல்" என்று எழுதிவிடுங்கள். கிழிசலைப் படிக்கும்படி சேர்க்க வேண்டுமானால் மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும்தான் முறை, அதையும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

2024 ஜூலை 2

மழை பிடித்துக்கொண்டது. தாளில் பூஞ்சை கிளம்பக் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், பம்பாயில் இந்த மாதங்களில் 80-க்கு மேல் சாதாரணம். ஆகவே இங்கே வளர்ந்த புத்தகத்தில் வாடை இல்லாமல் இருக்காது, வாடையையும் எழுதத்தான் வேண்டும். அந்துருண்டை வாடை ஒன்று, பூஞ்சை வாடை ஒன்று. முன்னது காற்றாட வைத்தால் மெல்லப் போகும். பின்னது வந்தால் பக்கங்களைத் திறந்து சாம்பல் பூத்தது போல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் ஒட்டும் பூஞ்சை உயிரோடிருப்பது, காய்ந்து தூளாக வருவது அடங்கியது. உயிரோடு இருப்பதை ஃப்ரீஸரில் வைத்துக் கொன்றுவிடலாம். வெயிலில் மட்டும் போடாதீர்கள், நிறமும் போகும், தாளும் விறைக்கும். நிழலில் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைப்பதே மேல்.

தண்ணீர் பட்டதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. நாங்கள் அப்போது சயானில் தரைத்தளத்தில் இருந்தோம். கட்டிலுக்குக் கீழே இரண்டு டிரங்குப் பெட்டி, கீழ் அலமாரி முழுக்க அப்பாவின் புத்தகங்கள். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கினேன், செங்கல் கனம். சாதாரணத் தாள் புத்தகங்களில் பாதிக்கு மேல் பிழைத்தன. கறை விழுந்தது, அலை அலையாக நெளிந்தது, ஆனாலும் பிரிக்க முடிந்தது. ஆர்ட் பேப்பரில் படம் போட்ட ஒரு கோயிற்கலைப் புத்தகம் மட்டும் ஒரே கட்டியாகிவிட்டது. அந்தத் தாளின் பளபளப்பு களிமண் பூச்சு, நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். நான் அவசரப்பட்டுக் கத்தியை விட்டுப் பிரித்தேன். நடராஜர் படத்தின் பாதி எதிர்ப்பக்கத்தில் இடவலம் மாறி நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டார். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்திலும் நான் முதலில் பார்ப்பது கீழ் ஓரம். தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் தாளுக்குள் ஒரு கோடு இருக்கும், குளத்துப் படியில் தண்ணீர் நின்ற கோடு போல. அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள்: "கீழிருந்து 2 செ.மீ. வரை நீர்க்கோடு, கடைசி 30 தாள்களில்." கூடவே தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பிரிகிறதா.

2024 ஜூலை 3

நேற்று ஃப்ரீஸர் பற்றி எழுதியது பாதிதான் சரி. டெல்லியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. உறைகுளிர் பூச்சியையும் முட்டையையும் கொல்லும். காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 20 டிகிரி அளவில் ஒன்றிரண்டு வாரம் வைக்க வேண்டும், வெளியே எடுத்த பிறகும் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக்கூடாது, திறந்தால் தாளின் மேல் தண்ணீர் கோத்துவிடும். பூஞ்சையோ அங்கே உறங்கத்தான் செய்யும், சாகாது, ஈரம் கிடைத்தால் திரும்பவும் கிளம்பும். இராமபாணத்துக்கு ஃப்ரீஸர், பூஞ்சைக்குக் காற்று. மாற்றிச் சொன்னதற்கு மன்னிக்கவும். யாராவது நேற்றே வைத்திருந்தால் கெடுதல் இல்லை.

2024 ஜூலை 14

வாசகி ஒரு புராண உரையின் படம் அனுப்பியிருக்கிறார். தலைப்புப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்து ஆங்கில வருஷம் போய்விட்டது, "சர்வசித்து வருஷம்" மட்டும் மிச்சம். "1887 தானே, அப்படியே போடலாமா?" என்கிறார். போடாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், 1947-லும் சர்வசித்துதான். விலை அச்சாகியிருந்தால் ரூபாய், அணா, பை என்று பிரித்திருக்கும், ஆனால் அதுவும் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியது என்று மட்டும்தான் சொல்லும், இந்த இரண்டில் எது என்று சொல்லாது. எழுத்து வடிவம் இங்கே உதவாது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா கொம்பும் சுழியுமாக இருக்கும், இரண்டு காலத்திலும் அது பொது. தாளைப் பாருங்கள், தையலைப் பாருங்கள், அப்போதும் தீரவில்லை என்றால் "தலைப்புப் பக்கம் பாதி கிழிந்தது, சர்வசித்து என்று மட்டும் உள்ளது" என்று உள்ளதை எழுதிவிடுங்கள். முடிவு வாங்குகிறவர் கையில் இருக்கட்டும்.

கிழிசலைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசும் நானே ஒருமுறை வழுக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு பயண நூலை "முழுமையான பிரதி" என்று எழுதி விற்றேன். வாங்கிய பெண்மணி, முகப்புப் படம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு படம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தபோது அவருக்கு வெட்டிய தாளின் அடி தட்டுப்பட்டிருக்கிறது, பிளேடால் யாரோ எடுத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். இப்போது "முழுமை" என்று எழுதுவதில்லை, "நான் எண்ணியதில் இத்தனை தாள், இத்தனை படம்" என்று எழுதுகிறேன்.

2024 ஜூலை 21

முலுண்டுக்கே போய்விட்டு வந்தேன். போட்டோவில் "பைண்டு செய்த நாவல்" என்று இருந்தது என்ன தெரியுமா? கல்கி வார இதழில் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வந்த பொன்னியின் செல்வன், வாராவாரம் கிழித்துச் சேர்த்து ஐந்து பாகமாகக் கட்டியது, மணியத்தின் ஓவியங்களோடு. இதைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்கடைக்கு எடை போட இருந்தார்களாம். கை நடுங்கிப்போனது.

இந்த மாதிரித் தொகுப்பை மற்ற புத்தகம் போல விவரிக்க முடியாது. பதிப்பகம் செய்த புத்தகம் இல்லை, ஒரு குடும்பம் செய்த புத்தகம், ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. நாங்கள் இருவரும் மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தோம். தனித்தனித் தாள் என்பதால் பக்கவாட்டில் துளை போட்டுச் சணலால் தைத்திருக்கிறார்கள். அதனால் உள் ஓரம் விழுங்கப்பட்டு, சில பக்கங்களில் வரியின் முதல் எழுத்து பள்ளத்துக்குள் போகிறது, விரித்துப் பிடித்தால்தான் தெரிகிறது. பைண்டர் ஓரத்தைச் சமமாக வெட்டியதில் இரண்டாம் பாகத்தில் நான்கு ஓவியங்களின் மேல்விளிம்பு போய்விட்டது. இதழில் பழைய கம்பிப் பின் இருந்த இடங்களில் துரு. பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள் போல, அட்டையின் உட்புறம் லேசான நீலம், பூச்சி தொடவே இல்லை. தாள் நல்ல பழுப்பு, முதல் பாகத்தின் ஓரங்கள் ஒடிகின்றன, மற்றவை வளைகின்றன. இடையில் மூன்று வாரம் இல்லை, அந்த இடத்தில் வெற்றுத்தாள் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்த வெற்றுத்தாள்களைக் குறை என்று எழுதுவதா வேண்டாமா என்று இருவரும் வாதாடினோம். குறைதான், எழுதத்தான் வேண்டும். ஆனால் என்றாவது கிடைக்கும் என்று இடம் விட்டுவைத்தார்கள் என்பதையும் அதே வரியில் எழுதச் சொன்னேன்.

2024 ஜூலை 28

ஓரங்களில் மாமனார் பென்சிலில் எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கலாமா, சுத்தமாக இருந்தால் விலை ஏறுமா என்று வாசகி கேட்டார். அழிக்கக்கூடாது. ஒடிகிற தாளில் ரப்பர் வைத்தால் தாளே கையோடு வரும், தவிரவும் அது கறை இல்லை. ஆனால் மறைக்கவும் கூடாது, இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் பட்டியல் எடுங்கள் என்றேன்.

நேற்று இரவு அனுப்பினார். பெரும்பாலும் தேதி, சில இடத்தில் பால் கணக்கு, ஒரு இடத்தில் வந்தியத்தேவனைப் பற்றி "இவனை நம்பாதே". கடைசியாக இருந்தது இது: "மூன்றாம் பாகம், பின் வெற்றுத்தாள், மேல் ஓரம், பென்சில்: சயானில் தண்ணீர், வண்டி நின்றுவிட்டது, இரண்டு அத்தியாயம் படித்தேன்."

விவரணையில் அப்படியே சேர்த்துவிட்டேன். காலையில் அவர் போன் செய்தார், மூன்றாம் பாகத்தை மட்டும் விற்கவில்லையாம். ஐந்தில் ஒன்று போனால் மற்ற நான்கின் விலை இறங்கும் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றார்.